கையை மாத்திக்க மாமா

சாம்பல் நிற அடிப்பாகம், கறுப்புப் பிடி, பிடியின் முன்பக்கத்தில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. பிடி அடிப்பாகத்தோடு சேருகிற கழுத்தில் பச்சை நைலான் நூலை ஒன்பது சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வலையை மேல்கயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற அதே முடிச்சு. போன ஆடி மாதம் மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, ஒரு துணிக்கடைப் பையிலிருந்து இதை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறான் அக்கா மகன். அதற்காகத் தகரப் பெட்டிகளை ஒழித்தபோது அடியில் கிடந்ததாம்.

"இது இன்னாதுன்னு தெரியுதாடா?" என்றாள்.

தெரியாமல் இருக்குமா. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஜாய்ஸ்டிக். என் அக்கா புருஷன் கையில் இருந்தது. அவரைக் கடல் கொண்டுபோய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

"அவரு அந்தப் பொட்டி முன்னால குந்திக்கினு இன்னாதான் பண்ணாருன்னு நான் கண்ணால பாக்கணும். ஒரு தடவ எனக்கு ஆடிக் காட்டு" என்றாள் அக்கா.

சரி என்றேன். காபியைக் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எதற்கும் ஒன்றும் ஆகாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவது கணக்கில் தேறாதவன் எழுத்து, குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுக்கவேண்டும்.

நாங்கள் கடல்காரக் குடும்பம். ஆனால் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. நைனா என்னை மூன்று தடவை படகில் ஏற்றிப் பார்த்தார். மூன்று தடவையும் மஞ்சள் தண்ணி வருகிற வரைக்கும் வாந்தி எடுத்தேன். மூன்றாம் நாள் கரையில் இறங்கியதும் நைனா, "இவன மீனே திங்காது. கரையிலியே எங்கனா வுட்டுடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்படிக் கரையில் விடப்பட்டவன்தான் பழவேற்காடு பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்தேன். ஐந்து கம்ப்யூட்டர். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் அடிப்பது, தேர்வு முடிவு பார்த்துச் சொல்வது, மற்ற நேரத்தில் வருகிறவர்களுக்கு விளையாட்டுப் போட்டுக் கொடுப்பது. ஓனர் சென்னையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியபோது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது இந்த ஜாய்ஸ்டிக். அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு போர் விமான விளையாட்டும் இருந்தது. மூக்கில் விசிறி சுற்றுகிற பழைய காலத்து விமானங்கள். கீழே கடல், தூரத்தில் ஒரு தீவு, மேகத்துக்குள்ளிருந்து எதிரி வருவான். நான் அதில் நன்றாகத் தேர்ந்துவிட்டேன். தண்ணீரில் குமட்டுகிற வயிறு அந்த வானத்தில் குமட்டவில்லை.

மாமா கடலுக்குப் போகாத நாளில்தான் வருவார். வாடைக் காற்று தூக்கி அடிக்கிற நாள், என்ஜின் பழுதான நாள். குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்து வாசலில் இருக்கிற குழாயில் கையைக் கழுவி, லுங்கியில் துடைத்து, மறுபடி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். "மீன் வாசன ஒட்டிக்கினா உன் ஓனரு உன்னைத் திட்டுவான் மச்சான்" என்பார். எவ்வளவு கழுவினாலும் அவரிடம் மண்ணெண்ணெய் வாசனை இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். உடம்பு பெரிசு, குரல் பெரிசு, ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும்போது கோயில் பந்தியில் உட்காருகிற மாதிரி ஒடுங்கி உட்காருவார்.

முதல் நாள் விமானத்தைக் கிளப்பிக் கையில் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். "இந்தக் கைதான் எனக்கு என்ஜின் கை" என்றார். கொஞ்ச தூரம் நேராகப் போனார். கடலைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் கடலு இது? ஒரு அலகூட இல்ல. இஸ்திரி போட்டு வெச்சிருக்கான்."

அதற்குள் எதிரி இடப்பக்கம் வந்துவிட்டான். இடப்பக்கம் திருப்புங்க மாமா என்றேன். விமானம் வலப்பக்கம் கவிழ்ந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி வலப்பக்கமே போனது. அப்படியே சுற்றிச் சுற்றி இறங்கி அந்த இஸ்திரி போட்ட கடலில் விழுந்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பஜார் டெய்லர், "இன்னாபா, ஏரோப்ளேன்ல வலை போட்டுகினு போறியா? எதிரி அந்தாண்ட இருக்கறான், நீ இந்தாண்ட வளைக்கற!" என்றார். மாமாதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

நாலைந்து தடவை விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஃபைபர் படகில் பின்னால் மாட்டியிருக்கிற என்ஜினுக்கு ஒரு கைப்பிடி உண்டு. அதுதான் சுக்கான். அதை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம். கடல்காரனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, கைக்கே தெரியும். ஜாய்ஸ்டிக்கோ தள்ளின பக்கமே திரும்பும். மாமாவின் கை விமானத்தைப் படகு என்று நினைத்துக்கொண்டிருந்தது. விளையாட்டின் உள்ளே போய்த் தேடினேன். திசையைத் தலைகீழாக்குகிற ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன்.

அன்றைக்கு அவர் ஓட்டியதை நான் மறக்கமாட்டேன். கடலை ஒட்டித் தாழப் பறந்தார், தீவைச் சுற்றினார், மேகத்தின் விளிம்பிலேயே போய்க்கொண்டிருந்தார். எதிரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவார். ஆனால் ஒரு விமானம் புகைய ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் சுடமாட்டார். "இன்னொரு தடவ அமுக்குங்க மாமா, பாயிண்டு வரும்" என்பேன். "போவட்டும் மச்சான். அவன் பாவம் கரைய பாத்துப் போறான்" என்பார்.

இந்த டிக்கில் ஒரு தொந்தரவு இருந்தது. மாமா போனபிறகு அதை எடுக்க மறந்துவிட்டால் அடுத்து வருகிறவனின் விமானம் ஏறுக்குமாறாகப் போகும். அவன் கத்துவான், ஓனர் என்னைத் திட்டுவார். மாமா வந்தால் போடவேண்டும், போனால் எடுக்கவேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அதற்குமேல் இல்லை. அந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின நாட்களில் சென்டரில் நல்ல கூட்டம். ஏதோ ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாமா வந்து உட்கார்ந்து, "மச்சான், அந்த டிக்கு" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது.

"எத்தினி நாளிக்கு நான் இத மாத்தி மாத்தி வெப்பேன்? கையை மாத்திக்க மாமா. ஊரே ஒரு பக்கமா ஓட்டுது, நீ மட்டும் ஒரு பக்கமா ஓட்டற" என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. "சர்தான். நீ சொல்றதும் நாயந்தான்" என்றார். டிக் இல்லாமலே ஆடினார், விழுந்தார், எழுந்தார். மாசி மாதம் இந்த ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் தளர்ந்து தலை சாய்ந்துவிட்டது. ஓனர் வேறு வாங்கி மாட்டினார். பழையதைக் குப்பையில் போடப்போனபோது மாமா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். கையை மாத்திக்கத்தான் என்றார். வீட்டில் கழுத்தில் நூல் சுற்றி நிமிர்த்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒயர் எங்கேயும் மாட்டாமல், வெறும் கட்டையை இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பழகினார். அவர் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. ஒரு மாதத்தில் கை மாறிவிட்டது. டெய்லரே எழுந்து வந்து பின்னால் நின்று பார்க்கிற அளவுக்கு ஓட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குனி மாதம் ஒருநாள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலையில கரைக்கு வரப்போ சுக்கான்ல கை ஒரு நிமிட்டு யோசிச்சிது மச்சான்" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏதோ ஒரு பதில்கூடச் சொன்னேன். அது என்ன என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

அதற்கு எட்டாம் நாள் காலை. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் மணல் மேடு உண்டு, அங்கே அலை உடையும். கடலிலிருந்து உள்ளே வருகிற படகு பின்னால் வருகிற அலைக்கு முதுகைக் காட்டவேண்டும். விலாவைக் காட்டினால் புரட்டிவிடும். மாமா பதினாலு வயசிலிருந்து வந்துபோகிற வழி அது. படகில் மூன்று பேர். மாமா, அவர் தம்பி, இன்னும் ஒரு ஆள். படகு புரண்டது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். மாமாவுக்குப் படகின் விளிம்பு தலையில் அடித்திருந்தது. மதியத்துக்குள் கிடைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். மாமாவின் தம்பி ஈரத் துணியோடு மண்ணில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "அலை வரப்போ அண்ணன் எதிர்ப்பக்கம் திருப்பிட்டாருபா. கண்ண மூடிக்கினே வர எடம். ஒரு நாளும் அப்டி பண்ணதில்ல. இன்னா ஆச்சின்னே தெரியல." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நேரம் என்றார்கள், விதி என்றார்கள். அந்த வருஷம் மணல் மேடு இடம் மாறிக் கிடந்தது, யாராக இருந்தாலும் தவறியிருப்பார்கள் என்று நைனா சொன்னார். எதிர்ப்பக்கம் என்ற சொல் அங்கே என் ஒருவன் காதில்தான் விழுந்தது என்று அன்று நினைத்தேன்.

நான் அழவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அழுதபோதும் தூண் மாதிரி நின்றேன். பதினாறாம் நாள் முடிந்து குப்பத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். சூடத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்து, இனி இந்த ஜென்மத்தில் அந்த விளையாட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். பிரவுசிங் சென்டருக்குப் போவதை நிறுத்தினேன். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, இன்று ஷிப்ட் பார்க்கிற ஆபரேட்டர். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், நைனா போனார், அம்மா போனாள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று செய்யவேண்டியதைச் செய்தேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பிரதோஷத்துக்குத் திருப்பாலைவனம் சிவன் கோயிலுக்குப் போகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் தீபாராதனையின்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் நெற்றியைத் தரையில் வைப்பேன். கல் குளிர்ச்சியாக இருக்கும். அது மட்டும்தான் தெரியும். அப்பனே, நான்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு வழியில் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம்.

அக்கா ஆடிக்காட்டச் சொல்லிவிட்டுப் போனபிறகு, சத்தியத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். குப்பத்து அம்மனிடமே போய்ப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அவள் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளைதான் வந்தது. இன்னொரு கேள்விக்கும் பூக் கட்டியிருக்கலாம். கையில் பூ மீதி இருந்தது, காகிதமும் இருந்தது. கட்டவில்லை.

பழைய ஜாய்ஸ்டிக்கை மகளின் கம்ப்யூட்டரில் மாட்டப் பார்த்தேன். அகலமான பிளக், இரண்டு வரிசை ஊசி. அதற்கான ஓட்டை இப்போதைய கம்ப்யூட்டர் எதிலும் இல்லை என்றாள் மகள். ஒரு விடுமுறை நாளில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற சந்தில் மூன்றாவது கடையில் புது ஜாய்ஸ்டிக் இருந்தது. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். ஜாய்ஸ்டிக் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"திரும்ப ஆரம்பிக்கறீங்களா சார்? நம்ம வயசுல நிறையப் பேரு திரும்ப வராங்க. கல்யாணம், வேலைன்னு விட்டுட்டு இப்ப வந்து கேக்கறாங்க."

ஆமாம் என்றேன். நாலைந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குக் குழிவாக வளைந்து, கட்டை விரலுக்கு மேடு வைத்து, பிடித்தால் கையோடு கை கொடுத்த மாதிரி இருந்தது. ஒன்றில் ஸ்பிரிங் தளர்ந்தாலும் உள்ளே தேயாதாம், காந்தத்தால் வேலை செய்கிறதாம். ஒன்று விமானத்தின் வேகத்துக்கென்று தனியாக இன்னொரு கட்டையோடு வந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். வலது கையால் பிடித்துவிட்டு, ஏன் என்று தெரியாமல் இடது கைக்கு மாற்றினேன். குழிவும் மேடும் எல்லாம் தப்பான இடத்தில் வந்தன. விரல் விசைக்கு எட்டவில்லை. நல்லதெல்லாம் வலது கைக்கே செய்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒன்று, எந்தப் பக்கமும் சாயாமல் நேராக, வெறும் கட்டையாக இருந்தது. அதை இடது கையில் எடுத்தேன். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன்.

"அது ரெண்டு கைக்கும் வரும் சார். ஆனா இதுங்க அளவுக்கு சுகமா இருக்காது. நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

"எனக்கில்ல. எங்க மாமாவுக்கு."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. கையில புடிச்சிப் பாத்தாத்தானே தெரியும்."

"அவரால வர முடியாது. இதையே குடுங்க" என்றேன். கட்டிக் கொடுத்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மகள் அதே மாதிரி ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அதே விசிறி விமானங்கள், படம் மட்டும் எவ்வளவோ தெளிவு. இப்போது கடலில் அலை இருக்கிறது. காற்றுக்குத் தகுந்த மாதிரி நுரைகூட அடிக்கிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கூப்பிடுவதற்கு முன்னால் பத்து நாள், ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளே எல்லாம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் தொடாத கை ஒன்றையும் மறக்கவில்லை. எனக்கு அது நல்ல சேதியாகவும் இருந்தது, கெட்ட சேதியாகவும் இருந்தது. கை மறக்காது என்றால் மாமாவின் கை சுக்கானை மறந்திருக்காது. அப்படிப் பார்த்தால் என்மேல் பழி இல்லை. ஆனால் நான் மாற்றச் சொன்னதையும் அந்தக் கை மறந்திருக்காதே. எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. விமானத்தை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தாள். சாப்பாடு முடிந்து, என் வீட்டுக்காரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்கா நாற்காலி வேண்டாம் என்று தரையில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி வைத்து ஆடிக் காட்டினேன். விமானம் கிளம்பியது, கடல் வந்தது, அலை வந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடப்பக்கம் தள்ளு" என்றாள். தள்ளினேன். விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது.

"சோத்துக்கைப் பக்கம்?" தள்ளினேன். வலப்பக்கம் திரும்பியது.

"படகு இப்டி போவாதேடா" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். விமானம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு பேசினாள்.

"போறதுக்கு மின்ன ரெண்டு மூணு நாளு இருக்கும். கட்டில்ல குந்தி இந்தக் கட்டைய ஆட்டிக்கினு இருந்தாரு. 'படகுல கை யோசிக்குதுடி'ன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'தலையே யோசிக்க மாட்டேங்குது, கை யோசிக்குதா? நல்ல சேதிதான்'னேன். அவரு சிரிச்சாரு பாரு, கட்டிலே ஆடிச்சி. ரெண்டு நாளு கரையில இருய்யான்னு சொல்லி இருக்கலாம் இல்ல? சொல்லலியே. கேலி பண்ணேன்."

பத்தொன்பது வருஷம் அக்கா இதை வைத்துக்கொண்டு மீன் விற்றிருக்கிறாள், மகனை வளர்த்திருக்கிறாள், வருஷா வருஷம் திதி கொடுக்க வைத்திருக்கிறாள். எனக்கும் அதே சொல்லைத்தான் அவர் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். பொங்கல் கூட்டத்தையும் சொன்னேன். இரண்டு நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டுப் பத்துப் பேர் முன்னால் கையை மாத்திக்க மாமா என்றதை, அந்த வார்த்தையோடு அப்படியே சொன்னேன். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு மீட்டர் கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, உன்மேல் தப்பில்லை என்று சொல்லுவாள் என்றும் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பேன். இரண்டையும் சொல்லவில்லை. உள்ளே தண்ணீர்க் குழாய் நின்றது. திரையில் விமானம் தாழ்ந்து தாழ்ந்து போய் அலையில் மோதி நின்றது.

"அந்த டிக்கு இதுலயும் இருக்குதா?" என்றாள்.

"இருக்குது."

"போடு."

போட்டேன். அக்கா தரையில் நகர்ந்து வந்து கட்டையை இடது கையால் பிடித்தாள். மாமா போனபிறகு கொழுந்தனின் படகில் ஏரிக்கு இறாலுக்குப் போனவள் அவள், சுக்கான் பிடிக்கத் தெரியும். இடப்பக்கம் தள்ளினாள். விமானத்தின் மூக்கு வலப்பக்கம் போனது. மறுபடி தள்ளிப் பார்த்தாள். "ஆங். இதான்" என்றாள். கொஞ்ச நேரம் கடல்மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரி ஒருவன் மேகத்திலிருந்து இறங்கி வந்தான். யாருடா அவன் என்றாள். சுடணும் என்றேன். "அவன் பாட்டுக்குப் போறான், நமக்கு இன்னா" என்றாள். அவன் சுட்டு இவள் விழுந்தாள். மறுபடி கிளப்பித் தரச் சொன்னாள். "இதுல கரை எங்கடா இருக்குது?" என்று கேட்டாள். தீவு இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். விளக்கு வைக்கிற நேரம் வரை அந்தத் தீவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வருகிறாள். மீன் கொண்டுவருவாள், சாப்பிட்டுவிட்டு ஓட்டுவாள். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. எனக்கு மனசு இலேசானதா என்று கேட்டால், இல்லை. போன பிரதோஷத்திலும் கல் குளிர்ச்சியாக மட்டும்தான் இருந்தது. ஆனால் நெற்றியை வைத்தபடியே, அப்பனே நானும்தான் என்று மனசுக்குள் சொன்னேன். பதில் எதுவும் வரவில்லை.

அக்கா போனபிறகு நான் அந்த டிக்கை எடுப்பதில்லை. எடுத்தால் நான் நன்றாக ஓட்டலாம், இரண்டு நிமிஷ வேலைதான். அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கடலேறாத என் கைக்கு அது தலைகீழ். கிளம்பியதும் கவிழ்கிறேன், எதிர்ப்பக்கம் திரும்புகிறேன், தண்ணீரில் விழுகிறேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இத மாத்திக்கலாம்பா, செட்டிங்குல இருக்குது" என்றாள். தெரியும்மா என்றேன்.

பழைய ஜாய்ஸ்டிக் சாமி அலமாரிக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிறது. காலையில் திருநீறு பூசிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருகிறேன். ஒயர் எங்கேயும் மாட்டுவதில்லை. இடது கையால் இடப்பக்கம் தள்ளி, மூக்கு வலப்பக்கம் போகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் என்று நினைத்துக்கொள்கிறேன். கழுத்தில் ஒன்பது சுற்று நூல் அப்படியே இருக்கிறது. எவ்வளவு தள்ளினாலும் அவர் போட்ட முடிச்சு கட்டையை நிமிர்த்திக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிடுகிறது. கை இன்னும் மாறவில்லை.